இளவரசனுக்கு ஆரத்தி எடுத்த மத்தியானம்

அந்தப் புத்தகங்களைப் பிரித்தால் முதலில் கப்பல் நெடிதான் அடிக்கும். ஈரச் சாக்கும் எண்ணெயும் கலந்த நெடி. அதற்கப்புறம்தான் மை வாசம்…

மதராசிலிருந்து பாகம் பாகமாக வந்த சரித்திரக் காதல் கதை அது. அடுத்த பாகம் எந்தக் கப்பலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குக் கிள்ளான் ரயிலில் வேலை. அங்கே ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கி வருவார்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசையில் எழுத்துக் கூட்டாமல் தமிழ் படிக்கிற பெண் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு! சும்மாவா?

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்களெல்லாம் என் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ராமாயணம் கேட்கிற மாதிரிதான் கேட்பார்கள். கதையில் கல்யாணம் நடந்தால் யாராவது பாயசம் வைத்துக் கொண்டுவருவார்கள். யாராவது செத்தால், வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

எனக்குத்தான் ஒரு கட்டத்தில் சலித்துவிட்டது. கடல் தாண்டிப் போன இளவரசன் போனவன் போனவன்தான். மாடத்தில் நின்ற இளவரசி நின்றவள் நின்றவள்தான். ஒரு பாகம் முழுக்க அவள் ஒட்டியாணத்தையே எழுதினால் என்ன செய்வது? நிறுத்திவிட்டேன். மற்றவர்களும் "போகட்டும்லா" என்று விட்டுவிட்டார்கள்.

அஞ்சலை மட்டும் விடவில்லை.

எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டுக்காரி. அவள் புருஷன் கிழக்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிற ஆட்களோடு போனவர். அங்கே காய்ச்சலில் நிறையப் பேர் போய்விட்டார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். இவர் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலை ஆள் இல்லாத வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ரயில்வே ஆபீசிலிருந்து ஒருவர் வந்து போய்விட்டார். ஊருக்குக் கப்பல் ஏறினாலும் அங்கே அவளுக்கு யாருமில்லை.

"அக்கா, அவன் வந்துட்டானான்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

"யாருடி?"

"கதையிலே போனவன்தான். அவன் வந்துட்டா இவரும் வந்துடுவாரு. அப்படி நெனச்சு மஞ்சத் துணியிலே காசு முடிஞ்சு வச்சிருக்கேன்."

கதையில் போய் யாராவது குறி கேட்பார்களா என்று சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விட்ட பாகங்களை வாங்கி வரச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மறுபடி கூடினோம். ஒருநாள் மத்தியானம், கடைசியாக வந்திருந்த பாகத்தில், இளவரசன் கோட்டை வாசலில் வந்து நின்றான். பெண்கள் குலவை போட்டார்கள். அஞ்சலை எழுந்து ஓடினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வந்து, என் மடியில் விரித்திருந்த புத்தகத்துக்கு ஆரத்தி சுற்றி, தெருவில் கொட்டினாள்.

அந்த வாரமே அவர் வந்துவிட்டார்.

மெலிந்து, தலை மொட்டையாக, கண் மஞ்சளாக… வரிசைக்கு முன்னால் நின்று எந்தக் கதவு என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அஞ்சலைதான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வீட்டைக் கேட்டு வந்த ஆள் அதோடு வரவில்லை.

முன்பெல்லாம் சுருட்டு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இப்போது புகை என்றாலே இருமினார். என்னைத் 'தங்கச்சி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், குனிந்த தலையோடு கடந்து போனார்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் என் காதைக் கடித்தாள். "கடுக்கன் போட்ட ஓட்டை இருந்துச்சே காதிலே… எங்கேடி?"

"தூர்ந்து போயிருக்கும்லா. காய்ச்சல்லே பொழச்சு வந்ததே பெருசு. சும்மா இரு."

அடுத்த பாகம் வந்தது. வழக்கம்போல நான் முதலில் தனியாகப் படித்துப் பார்த்தேன். நல்ல வெயில் நேரம். ஆனாலும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தவன் இளவரசனே இல்லையாம். கூடப் போன படைவீரனாம். இளவரசன் அக்கரையிலேயே செத்து மண்ணோடு மண்ணாகியிருந்தான். சாகிறவரை அவன் தன் வீட்டையும் இளவரசியையும் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுவைத்துக்கொண்டு இவன் வந்திருக்கிறான்…

படிப்பதில்லை என்றுதான் இருந்தேன். அன்றைக்குப் பார்த்து அஞ்சலையோடு அவரும் வந்தார். வாசலோரம் குந்திக்கொண்டு, "படிங்க, நானும் கேக்கிறேன்" என்றார்.

"இந்தப் பாகம் நல்லாயில்லே. வேணாம்."

"படிங்கக்கா," என்றாள் அஞ்சலை.

படித்தேன். அந்த இடம் வந்தபோது ரயில் ஒன்று போனது. அது போய் முடிகிறவரை நிறுத்திவிட்டு, மீதியையும் படித்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அவர்தான் கேட்டார். "அந்தப் பொண்ணை அவன் நல்லா வச்சுக்கிறானா?"

"இன்னும் எழுதலே. அடுத்த பாகம் வரணும்," என்றேன்.

"நல்லா வச்சுக்கிறான்," என்றாள் அஞ்சலை.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "முத்தையா, வாங்க. காப்பி போடுறேன்."

பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முத்தையா என்பது அவள் புருஷன் பேர். அந்தக் காலத்தில் கட்டின புருஷன் பேரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயம். ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவள்தான் சொல்ல வேண்டும். காணாமல் போனவரைத் தேடி அலைந்த நாட்களில் அஞ்சலைக்காக நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குச் சொன்னாள். அதற்கப்புறம் தினமும் சொன்னாள்.

நான் மிச்சப் பாகங்களை வாங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள் பிள்ளைகுட்டி பெற்று, பங்சார் பக்கம் வீடு மாறி, நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

இப்போது என் பேத்தி கிள்ளான் கடைத்தெருவில் நின்று புருஷனைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிறாள். அவனும் கை நிறையப் பையோடு சிரித்துக்கொண்டு வருகிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலம் மாறிவிட்டது, நல்லதுதான்.

ஆனால் நான் மட்டும், அவன் கிட்டே வருகிறவரை, அந்த முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துக்கொள்கிறேன்…