கழுவிவிட்ட மாடி

காஜா எடுப்பதை நிறுத்திவிட்டு, தையல்காரி அந்த நாவலின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். சாதி விட்டுக் காதலித்த இருவருக்கும் ஊரில் யாரும் கதவைத் திறக்கவில்லை; பெண்ணின் அண்ணன்மார் தேடிப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவிங்க! ஒருத்தராவது கதவைத் திறந்திருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பாங்க?" என்று புத்தகத்தைத் திட்டினாள்.

துணி வெட்டிக்கொண்டிருந்த கணவன் தலை தூக்காமலே, "நமக்கு உன் அண்ணி திறந்தாங்களே" என்றான்.

அவர்களும் சாதி விட்டு மணந்தவர்கள்தான். அன்று அவளுடைய அண்ணன் ஆட்களோடு ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடியபோது, இருவரும் அவன் வீட்டு மாடியிலேயே ஒளிந்திருந்தார்கள். கடைசியில் மாடி ஏறப்போனவர்களை அண்ணிதான் மறித்தாள்.

"இப்பதான் மாடியைக் கழுவிவிட்டிருக்கேன். செருப்புக்காலோட எவனாவது ஏறினீங்க, தெரியும் சேதி!"

அண்ணனுக்கு அன்றும் சரி, இன்றும் சரி, அவளிடம் வாய் எழாது.

தையல்காரி கடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணி வீட்டுக்கு ஓடினாள். வாசலைக் கழுவிவிட்டுத் துடைப்பத்தோடு நின்ற அண்ணி பதறிப்போனாள்.

"என்னடி ஆச்சு? எதுக்கு இப்படி அழுவுற?"

தையல்காரி அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கதை படிச்சேன் அண்ணி. அதுல நீங்க இல்ல."