ஏறிக்கொண்டே போன ஆயில்

மழை பெய்த கரிசலில் டிராக்டர் இறங்காது. சக்கரத்தில் மண் அப்பி, நடுப்புஞ்சையில் நின்றுவிடும். அதனால்தான் சித்தப்பா ஒரு கடற்கரை விடுதி கழித்துப்போட்ட நாலு சக்கர பைக்கை வாங்கி வந்தார். சுற்றுலா வந்தவர்களை மணலில் ஏற்றிச் சுற்றிய வண்டி. பின்னால் மருந்து டேங்கைக் கட்டி மக்காச்சோளத்துக்குள் ஓட்டினால், ஆளை விட வேகமாக அடித்து முடிக்கலாம்.

கோயம்புத்தூரில் எஞ்சின் பாகங்களைச் சோதிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு எட்டயபுரத்தில் பஸ் இறங்கி ஊருக்கு வந்த அன்றே சித்தப்பா என்னைக் களத்தில் நின்ற வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏட்டி, இங்கன வந்து பாரு. நான் ஒரு சொட்டு ஊத்தல. ஆயில் தானா ஏறிக்கிட்டே இருக்கு. அட்சய பாத்திரம்லா வாங்கியாந்திருக்கேன்!"

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இப்படி உருவிக் காட்டியிருக்கிறார். அவர்களும் பார்த்துவிட்டு, ராசியான வண்டி என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். கிணறு முதல் எல்லாமே வற்றிப் பழகிய ஊரில், ஒன்று பெருகினால் ஏன் பெருகுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

எஞ்சினில் ஆயில் தானாகக் கூடினால் நான் மூன்றைத்தான் பார்ப்பேன். யாராவது ஊற்றியிருக்க வேண்டும். சித்தப்பா இல்லை என்கிறார். தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் ஆயில் பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகத்தான் இருந்தது. மிச்சம் பெட்ரோல். கம்பியை முகர்ந்தேன். பெட்ரோல் பங்கில் நிற்பது போலிருந்தது.

"டேங்க்ல பெட்ரோல் டேப்ப மூடுவீங்களா, சித்தப்பா?"

"அத யாரு மூடுவா? என் பைக்குல இருவது வருசமா மூடினதில்ல."

வண்டி நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் கார்புரேட்டர் வழியாகக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆயில் நீர்த்துவிட்டது, இதோடு ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சின் இறுகிப்போகும் என்று சொன்னேன். ஒரு வாரமாகப் புகை கக்குகிறது, இழுவை இல்லை என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் காலை மருந்து அடித்தே ஆக வேண்டும். படைப்புழு மக்காச்சோளக் குருத்துக்குள் இறங்கியிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் கதிருக்கு ஒன்றும் மிஞ்சாது.

"எதுக்கும் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றார் அப்பா.

அண்ணாச்சி என்பது கோவில்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். இந்த வண்டியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சித்தப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு நான் சொன்னதை ஒப்பித்தார்.

"யாரு சொன்னா?"

"அண்ணன் மக. ஆட்டோமொபைல் படிச்சிருக்கு."

"பொம்பளப் பிள்ளையா?" ஒரு சிரிப்பு. "அது பொஸ்தகத்துல உள்ளதச் சொல்லுது. பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கும், அடுத்த வாரம் எஞ்சின இறக்கிருவோம். இப்போதைக்கு டிராக்டருக்கு ஊத்துத கெட்டி ஆயில் கால் லிட்டர் ஊத்தி ஓட்டுங்க."

ஏற்கெனவே நிரம்பி வழிவதில் இன்னும் ஊற்றச் சொல்கிறார்! கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் முகர்ந்தேன், கேட்டேன், ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன், அவர் சிரித்தார். அவர் சிரித்ததற்கு என் படிப்பை விட மதிப்பு இருந்தது.

விடிந்ததும் சித்தப்பா டிராக்டர் ஆயில் கேனோடு வந்தபோது, வண்டியின் அடியில் தாம்பாளத்தை வைத்து வடிகால் போல்ட்டை நான் கழற்றியிருந்தேன். ஆயில் இல்லாத எஞ்சினை ஸ்டார்ட் பண்ண யாரும் துணிய மாட்டார்கள்.

"என்னட்டி செஞ்சிருக்க!" என்று பீடியும் கையுமாக ஓடிவந்தார்.

"பீடிய அணைச்சிட்டு வாங்க!"

"ஆயில் எங்கனயாவது பத்துமா?"

அந்த ஆயிலில் ஒரு கந்தலை நனைத்து, களத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியைப் போட்டேன். குப்பென்று ஆள் உயரத்துக்கு எரிந்தது. அவர் கேனிலிருந்த ஆயிலில் நனைத்த கந்தலில் இரண்டு குச்சி வீணானது. சித்தப்பா பீடியை மிதித்து அணைத்தார். அப்பா, நான் சொன்ன பைக் ஆயிலை வாங்கி வர எட்டயபுரத்துக்குக் கிளம்பினார்.

அவர் வருவதற்குள் கார்புரேட்டரைப் பிரித்தேன். பெட்ரோலை அடைக்க வேண்டிய ஊசி வால்வு, வாயில் கரிசல் தூசி படிந்து மூடாமல் நின்றது. துடைத்து மாட்டி, புது ஆயிலைக் கோட்டுக்குள் நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரம் பழைய புகையைக் கக்கிவிட்டு, பிறகு சுத்தமாக ஓடியது. சாயங்காலத்துக்குள் எங்கள் மூன்று புஞ்சைக்கும் மருந்து அடித்து முடித்தோம்.

சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தப்பாவின் போன் அடித்தது.

"ஆமா அண்ணாச்சி, வண்டி ஜோரா ஓடுது. நீங்க சொன்னாப்புல ஆயில்ல கை வச்சோம், சரியாப் போச்சு."

ஈரக்கையோடு போனைப் பிடுங்கினேன்.

"அண்ணாச்சி, அவிய கை வைக்கல. நான் வச்சேன். நீங்க சொன்னத ஊத்தியிருந்தா எஞ்சின் இன்னைக்குப் புஞ்சையிலயே இறுகிக் கிடந்திருக்கும்."



"போனச் சித்தப்பாகிட்ட குடும்மா" என்றார் அண்ணாச்சி.

கொடுக்கவில்லை. ஊசி வால்வில் என்ன இருந்தது என்பதிலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.