எங்கிட்ட இருந்த ஒன்பது ஓட்டு

பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிற எஸ்தருன்னா யாரக் கேட்டாலும் சொல்வாங்க, சண்டக்காரின்னு. அதுக்கெல்லாம் நான் வெக்கப்பட்டதே இல்ல. இதுக்குத்தான் வெக்கமாகீது.

எங்க மீன்காரம்மா சங்கத்துல இப்ப தலைவர்னு யாரும் கிடையாது. எல்லா முடிவும் போன்ல ஓட்டு போட்டுத்தான். போன் நோண்டத் தெரியாதவங்க, தானே போட வேணாம்னு நெனைக்கிறவங்க அவங்க ஓட்ட வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கலாம். யாரு குடுத்தாங்கன்னு வாங்கினவளுக்கே தெரியாது, எந்தப் பக்கம் போட்டான்னு குடுத்தவளுக்கும் தெரியாது. மொத்தம் எத்தினின்னு மட்டும் காட்டும். அமுக்கினா அமுக்கினதுதான், மாத்த முடியாது.

போன மாசம் முத்தம்மாக்கா விஷயம் வந்துச்சு. இடுப்புல ஆபரேஷன் ஆயி, கூடையத் தூக்கினு மார்க்கெட் உள்ள நடக்க முடியாம கெடந்துச்சு. கடை எடம் எப்பவும் சீட்டு குலுக்கித்தான்; இந்த வாட்டி குலுக்காம வாசலாண்ட கடைய அதுக்கே குடுத்துடலாமான்னு ஓட்டு. எனக்கும் அதுக்கும் மூணு வருஷமா ஆவாது. வஞ்சிரம் வாங்க வந்த என் கஸ்டமரக் கூப்டுக்கிச்சுன்னு நடு ரோட்ல அதோட கொண்டையப் புடிச்சவ நான்.

என் ஓட்டோட சேத்து ஒன்பதுன்னு போன்ல காட்டிச்சு. எட்டு பேரும் நம்ம ஆளுங்கதான்னு எனக்கு ஒரே மெதப்பு. 'வேணாம்'னு அமுக்கினேன். ரெண்டு நிமிஷம் யோசிக்கக்கூட இல்ல, பாவி. அஞ்சு ஓட்டுல தோத்துச்சு. சீட்டுல அதுக்குக் கடைசி வரிசை வந்துச்சு.

மறுநாள் காலைல வாக்கர ஊனிக்கினு என்னாண்ட வந்து நின்னுச்சு. சண்டைக்குத்தான்னு நானும் முந்தானைய இழுத்துச் சொருவினேன்.

"எஸ்தரு, என் ஓட்ட உன்னாண்டதான் குடுத்திருந்தேன்."

"என்னாண்டயா? இன்னாக்கா சொல்ற?"

"என் விஷயத்துக்கு நானே ஓட்டு போட்டா அசிங்கம் இல்ல? என் ஜனத்தாண்ட குடுத்தாலும் அதேதான். நீ வாயிதான் மோசம், தராசுல கை வெக்க மாட்ட. நியாயமா போடுவன்னு குடுத்தேன்."

மாதாவே! அது ஓட்ட வெச்சே அது பொழப்புல மண்ணப் போட்டுட்டனே!

அது என் தோள்ல தட்டிக் குடுத்துச்சு. "வுடு, நீ இன்னா பண்ணுவ? உன்ன மாதிரி இன்னும் நாலு பேரு இருந்திருந்தா கெடச்சிருக்கும்."

நான்தான்க்கா எதிர்த்துப் போட்டேன்னு சொல்லியிருக்கணும். "ஆமாக்கா"ன்னேன்.

அதோட கூடைய நானே தூக்கினு போய்க் கடைசி வரிசையில எறக்கி வெச்சேன். பின்னாடியே மூச்சு வாங்கினு வந்து உக்காந்துச்சு. என் மூஞ்சப் பாத்து, "நல்லா இருடி"ன்னுச்சு.