பொம்மைப் பட்டறையில் செய்த ஏறுசுவர்ப் புடைப்புகள்

2006 ஆகஸ்ட்டில் நானும் நண்பன் சுரேஷும் அம்பத்தூரில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, மலையேற்றப் பயிற்சிக்கான உள்ளரங்கச் சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். பிளைவுட் அடித்து, பிடிகள் பொருத்திவிட்டோம். ஆனால் தட்டையான சுவரில் ஏறுவது ஏணியில் ஏறுவது போலத்தான். பாறையின் மூக்கு, தொந்தி, விளிம்பு என்று சுவரிலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் புடைப்புகள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியே எங்களைச் சாய்த்துவிடும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். எல்லாரும் புடவை பார்க்க, நான் புடவை கட்டி நின்ற பொம்மையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைபர். உள்ளே காலி, ஆனால் உறுதி. யார் செய்தது என்று கேட்டதற்கு, ஏனாத்தூர் போகும் வழியில் ஸ்டெல்லா என்பவர் பட்டறை வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

அந்தப் பட்டறையைத் தேடி ஆகஸ்ட்டில் கிளம்பினேன். கோயம்பேட்டில் காலை 6.10 பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் 24 ரூபாய், 8.20க்குக் காஞ்சிபுரம் நிலையத்தில் இறங்கினேன். பட்டறைக்கு ஆட்டோ 60 ரூபாய். இடம் சொன்னதும் ஓட்டுநர், “கை, காலு எல்லாம் வெளிய தொங்கிக்கினு இருக்குமே, அந்த எடமா?” என்றார். அதே இடம்தான். தகரக் கொட்டகை வாசலில் கம்பியில் வரிசையாகக் கைகள் காய்ந்துகொண்டிருந்தன.

ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். பட்டறையின் முதலாளியும் அவர்தான், முக்கால்வாசி வேலையும் அவர்தான். கணவர் அந்தோணி ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலை நீட்டியபடி, பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். நான் வரைபடத்தைக் காட்டி, என் உயரத்தில் பாதி வரும் ஒரு ‘தொந்தி’யை விளக்கினேன். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்றபோதுதான் ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாகப் பொம்மைகளைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தவர் அவர். கடைசியில் ரெசின் பசை ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவுவது என்று முடிவாயிற்று. அது அவருடைய யோசனை. நான் கொண்டுபோயிருந்த யோசனையைவிட நல்லது.

களிமண்ணில் உருவம், அதன்மேல் பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் ரெசினில் நனைத்த கண்ணாடி நார்ப்பாய் அடுக்குகள். பிடிகளை முடுக்குவதற்கான இரும்பு நட்டுகளை அந்த அடுக்குகளுக்கு நடுவிலேயே பதிக்க வேண்டும். முதல் தொந்திக்கு ஐந்து நாள் ஆனது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜில் நாளுக்கு 180 ரூபாய்க்குத் தங்கியிருந்தேன். அடுத்த ஞாயிறு திறப்பு. பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் போய், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு ஸ்டெல்லாவை அவசரப்படுத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வியாழன் மதியம் சோதனை. தொந்தியைக் கொட்டகையின் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அதன் நட்டு ஒன்றில் கொக்கி முடுக்கி, ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைகளைக் கட்டினோம். ஒன்று. இரண்டு. மூன்றாவது மூட்டையைக் கட்டிக் கையை எடுத்ததும் நெரிபடுகிற சத்தம் கேட்டது. நட்டு, உள்ளங்கை அளவு ஃபைபரையும் பிய்த்துக்கொண்டு கீழே வந்தது. மூட்டை வெடித்து, அந்தோணி கண் எழுதிக்கொண்டிருந்த பொம்மை உட்பட எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது.

நான் செய்த முதல் காரியம் கணக்குப் போட்டது. நூறு கிலோ தாங்கிவிட்டது, எங்களில் எண்பது கிலோவைத் தாண்டியவர் யாரும் இல்லை. அந்த ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு மற்ற நட்டுகளை வைத்துத் திறந்துவிடலாம் என்றேன். தாவிப் பிடிப்பவன் தன் எடையைவிட இரண்டு மடங்கு இழுப்பான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஸ்டெல்லா கட்டிங் மிஷினை எடுத்துத் தொந்தியை இரண்டாக அறுத்தார். ஐந்து நாள் வேலை. அறுத்த விளிம்பை வெளிச்சத்தில் காட்டினார். நட்டைச் சுற்றி நார் வெள்ளையாக, காய்ந்தபடி கிடந்தது. அங்கே ரெசின் இறங்கவே இல்லை.

“இது என் தப்பு சார். மழ ஈரம் வேற, நீங்களும் வந்து வந்து நின்னீங்க, அவசரத்துல சரியா அழுத்தல. ஆனா நட்ட ஓரத்துல வெக்கச் சொன்னது உங்க படம். ரெண்டும் சேந்துதான் புட்டுக்கிச்சு.”

திறப்பு விழாவைப் பற்றிச் சொன்னேன்.

“பொம்ம ஒடஞ்சா வேற பொம்ம குடுப்பேன். இதுல ஆளுல்ல தொங்கப் போறாங்க. இத வெளிய அனுப்ப மாட்டேன்.”

அந்தோணி முகத்திலிருந்த சிமெண்டைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் முன்பு கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். சாரத்தில் ஒரு முடிச்சு சரியில்லை என்று காலையிலேயே மேஸ்திரிக்குத் தெரியுமாம். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். “சாயங்காலம் நான் ஆஸ்பத்திரில இருந்தேன் சார்” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

சுரேஷுக்குப் போன் செய்து திறப்பைத் தள்ளிவைக்கச் சொன்னேன். கத்திவிட்டு வைத்தான். நான் புதிதாக வரைந்தேன். நட்டுகள் விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே. ஸ்டெல்லா ஒவ்வொரு நட்டுக்கும் பின்னால் ஒரு பிளைவுட் வில்லை வைத்து, அதன்மேல் நான்கு அடுக்கு கூடுதலாகப் போட்டார். இறுகும்வரை அருகில் வரக் கூடாது என்று என்னைத் துரத்திவிட்டார். அப்படிக் கிடைத்த ஒரு மதியத்தில் கூரம் போய்ப் பல்லவர் காலத்துக் கோயிலைப் பார்த்தேன். நல்ல இடம், ஆனால் என் நினைப்பெல்லாம் ரெசினில்தான்.

அடுத்த புதன்கிழமை நான்கு மூட்டைகளைக் கட்டினோம். இருநூறு கிலோ. மறுநாள் காலை வந்து பார்த்தபோதும் அப்படியே தொங்கின. மூட்டைகளை அவிழ்த்ததும் நான் ஏறிக் காட்டலாம் என்று ஷூவை மாட்டினேன். அதற்குள் ஸ்டெல்லா செருப்பைக் கழற்றி, முந்தானையைச் செருகிக்கொண்டு, தொந்தியின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக் காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டார்.

“போதும், எறங்குமா” என்றார் அந்தோணி.

“இரு” என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தொந்தியின் பக்கம் வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் தொங்கினார். இறங்கியதும் உள்ளங்கையைப் பார்த்தார். மணல் பதிந்து சிவந்திருந்தது. “இப்ப எடுத்துக்கினு போங்க” என்றார்.

திறப்பு பத்து நாள் தள்ளிப்போனதில் பதினான்கு பேரில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். சுரேஷ் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அறுத்த துண்டை அவன் கையில் கொடுத்தபின் பேசினான்.

இதுபோல் செய்ய நினைப்பவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து புடைப்பைக் கொண்டுவர மினி லாரி 1,400 ரூபாய் ஆயிற்று, பழைய மெத்தை ஒன்றை அடியில் விரியுங்கள். நட்டு, போல்ட்டுகளை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். மழை மாதங்களைத் தவிருங்கள். சோதனைக்கு நான்கு மூட்டைக்குக் குறையாமல் கட்டுங்கள், கட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. மிக முக்கியமாக, சோதனை முடியும்வரை திறப்புத் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள். தேதி கையில் இருந்தால் நூறு கிலோவே போதும் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது.