ராசாவுக்கு மூன்று கேட்டு

பிற்பகல் ஒன்றரை மணிக்கு வாடகைக் கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. ரந்தாவ் ஊருக்கு அப்பால் மூன்று மைல் உள்ளே, முள்வேலி போட்ட ரப்பர்த் தோட்டம். அங்கே கணக்கெழுதும் கிராணி நான். நிறைமாத மனைவி பாக்கியத்தைப் பிரசவத்துக்கு ராசா என்ற ஊரில் அவள் அம்மா வீட்டில் சேர்க்க வேண்டும். பதினாறு மைல்தான். ஆனால் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் மைலை எண்ணிப் பயனில்லை, சோதனைக் கேட்டைத்தான் எண்ண வேண்டும். ஆறு மணிக்கு ஊரடங்கு வேறு.

மூன்று நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாடகை எட்டு வெள்ளி. கேட்டில் காத்திருக்க, ஒன்றுக்கு ஐம்பது காசு வீதம் ஒன்றரை வெள்ளி. கைச்செலவுக்கு இரண்டு.

"புதுசா ஏதும் கேட்டு போட்டிருக்கானா?" என்று டிரைவர் சாமிக்கண்ணுவைக் கேட்டேன்.

"நேத்து வரைக்கும் மூணுதாங்கய்யா. இன்னைக்கி எவன் கண்டான் லா!"

இன்னொரு ஐம்பது காசைத் தனியே எடுத்து வைத்தேன். இதற்கு முன் பாக்கியத்துக்கு இரண்டு கலைந்துவிட்டது. இந்தப் பிள்ளைதான் தங்கியிருக்கிறது.

புறப்படும்போது தொழிலாளர் லயத்துப் பெண்கள் வந்து பாக்கியத்தின் மடியில் ஏதோ கட்டினார்கள். பிரசவத்துக்குப் போகிறவளை வெறும் மடியோடு அனுப்பக் கூடாதல்லவா? நான் பெட்டியைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஒன்றே முக்காலுக்குத் தோட்டத்துக் கேட்டு. தெரிந்த காவலாளி, விட்டுவிட்டான். இரண்டேகாலுக்கு ரந்தாவ் கேட்டு. பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள், அரை மணி போயிற்று. மூன்றரைக்கு ராசாவுக்கு முந்தைய கேட்டு. அங்கே பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். பாக்கியத்தின் இடுப்பில் அவள் கை நின்றது.

"என்னம்மா இது? அரிசியா?"

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, ஒரு மணி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாதென்ற அறிவிப்பைக் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் உரக்க வாசித்தவனே நான்தான்! மடியில் கட்டுவதும் அரிசிதான் என்பது மரமண்டையில் ஏறவில்லை.

"மஞ்சளரிசி, மடி கட்டினது" என்றாள் பாக்கியம்.

"எனக்குத் தெரியாதா? நானும் மூணு பெத்தவதான். மாத்தா மாத்தா, அந்தப் போலீசு பார்த்தா உங்க வீட்டுக்காரர உள்ள வச்சிருவாங்க. கீழ கொட்டிரு."

"கொட்ட மாட்டேன்."

"பாக்கியம், கொட்டித் தொலை!" என்று கத்தினேன். என் குரலே எனக்கு வெட்கமாயிருந்தது.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "கொண்டுபோகத்தானேக்கா கூடாது? திங்கலாம்ல?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். போலீஸ்காரர் ஒரு லாரியின் மேல் ஏறி நின்றிருந்தார். "சீக்கிரம் லா" என்றாள்.

பாக்கியம் சாலையோரம் நின்று அந்தக் கைப்பிடி மஞ்சளரிசி முழுவதையும் மென்றாள். பாதி கொடு என்று கை நீட்டினேன். "எனக்குக் கட்டினது" என்று தலையாட்டிவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, வாய் நிற்கவில்லை.

நாலே காலுக்கு ராசா. மாமியார் மகளின் மடியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"என்னடி, காலியா இருக்கு?"

"வழியில கொட்டலம்மா. ரெண்டும் உள்ளதான் இருக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

மறுநாள் காலை அதே காரில் தனியாகத் திரும்பினேன். அந்தக் கேட்டுக்குக் கால் மைல் இருக்கும்போது, அவள் உட்கார்ந்திருந்த சீட்டு மடிப்பில் மூன்று மஞ்சளரிசி கண்ணில் பட்டது. வெளியே எறியக் கை போயிற்று. எறிய மனம் வரவில்லை. வாயில் போட்டு மென்றுகொண்டே கேட்டில் இறங்கினேன்.