இரண்டு வில்லியம்கள்

முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களில் பிழை பிடித்தவன் நான். ஓய்வுபெற்றுச் செங்கல்பட்டில் உட்கார்ந்த பிறகும் அந்த வியாதி தீரவில்லை.

தமிழ் கற்றுக்கொண்ட என் மருமகள் எமிலி கனடாவிலிருந்து வந்திருந்தாள். அமெரிக்கா பிரிந்தபோது பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று கனடாவில் குடியேறியவர்களும், அங்கே விலங்குத் தோல் வியாபாரம் செய்தவர்களும் அவளுடைய முன்னோர்கள். அந்த வம்சத்தாரின் சங்கத்தில் தன் அப்பாவை அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குள் சேர்த்துவிட ஆசைப்பட்டாள். அதற்குத் தலைமுறைக்கு ஒரு சான்று வேண்டும்.

சேர்த்து வைத்திருந்த பழைய பதிவுகளின் நகல்களை என்னிடம் நீட்டினாள். ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பளித்தேன்.

"பிறந்த பதிவுப்படி இந்தத் தோல் வியாபாரி வில்லியமுக்குக் கல்யாணத்தப்ப வயசு தொண்ணூறும்மா. செல்லாது."

எமிலி காகிதங்களை அடுக்கினாள். முகம் வாடிவிட்டது.

காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள். "இன்னாங்க, உங்களுக்கு உங்க தாத்தா பேரதான வச்சிக்கீறாங்க? அவரும் நீங்களும் ஒரே ஆளா?"

திருமணப் பதிவை மறுபடி பார்த்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் ஜார்ஜ். முதல் வில்லியமின் மகனும் ஜார்ஜ்தான். நான் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கியிருந்தேன்.

"ரிஜெக்ட் பண்ணிட்டீங்களே மாமா," என்று எமிலி சிரித்தாள். "நல்லவேளை, அப்பீலுக்கு அத்தை இருந்தாங்க."

அன்று மாலை மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து வீடியோ காலில் அவள் அப்பாவிடம் சொன்னோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். செல்போனை என் மனைவி பக்கம் திருப்பினேன்.

அலுவலகத்தில் தாத்தா பெயரோடு வந்து, 'செல்லாது' என்று என் மேஜையிலிருந்து திரும்பிப் போன பேரன்களை நினைத்துக்கொண்டேன். அங்கே அவள் இல்லையே.