கேட்டது யார்

பஸ் கம்பெனி அலுவலகத்தில் அவளுக்கு வாசலக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. டிக்கெட் விற்கும் இணையதளத்தின் வாசலைக் காப்பதுபோல் அதன் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் ஆளாளுக்கு அவளைத் தேடுவார்கள்.

அன்று காலை செய்தது சின்ன வேலைதான். அதுவரை சீட்டுக் கணக்குப் பார்க்கும் அப்ளிகேஷன் சர்வர் நேராக வெளியுலகத்தைப் பார்த்து நின்றது. கூட்டம் வந்தால் திணறியது. அதற்கு முன்னால் ஒரு வெப் சர்வரை வைத்தாள். இனி யார் வந்தாலும் முதலில் இதனிடம்தான் வரவேண்டும். எந்த பஸ்ஸில் எந்த சீட்டு காலி என்று இதற்கு ஒரு மண்ணும் தெரியாது. கேட்பதை வாங்கி உள்ளே தள்ளும், வருகிற பதிலை வெளியே நீட்டும். அவ்வளவுதான் இதன் பிழைப்பு. தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு டிக்கெட் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது.

மேனேஜரிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு கையால் தம்பிக்கு போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. எடுப்பான் என்று அவளும் நினைக்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்குமுன் மகனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்து தவிக்கிறார். தவிப்பாரே தவிர, வாயைத் திறந்து அவனிடம் கேட்கமாட்டார். இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. என்ன சண்டை என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டு பேருமே யோசித்துத்தான் சொல்வார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் இவள். பேத்தியின் போட்டோ வேண்டுமா, அவன் புது வீட்டு முகவரி வேண்டுமா, "நீயே கேக்குற மாதிரி கேளு. என் பேரை இழுக்காதே" என்பார். இவளும் அப்படியே கேட்பாள். ஆபரேஷனுக்கும் அப்படித்தான் கேட்டாள்: நீ வந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்.

"உனக்கு எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு வேணும்க்கா. அவருக்கு என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்காது. நான் வந்து என்ன பண்ண? என்னை விட்டுடு" என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அந்தப் பேச்சு அவள் மனதில் முள்ளாய்க் கிடந்தது.

இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் மேஜை போன் அலறியது. யாருக்கும் டிக்கெட் போகவில்லையாம். 'அளவுக்கு மீறிய முயற்சிகள்; பிறகு வரவும்' என்று எல்லோரையும் விரட்டுகிறதாம். கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் உட்கார்ந்தாள். அப்ளிகேஷனை எழுதிய புரோகிராமர், எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுகிறவன், நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"அக்கா, ஒரே ஆள் விடாம வந்து கேட்டா கதவைச் சாத்துன்னு எழுதி வச்சிருக்கேன். இப்போ உங்க முன்னாடி சர்வர்தான் அந்த ஒரே ஆள்."

எந்தக் கம்ப்யூட்டர் முகவரியிலிருந்து யார் கேட்டார்கள் என்று குறித்து வைக்கும் பதிவுகளைத் திறந்தாள். வரி வரியாக ஒரே முகவரி. ஊர் முழுக்க வந்து கேட்டதெல்லாம் இவள் வைத்த சர்வரின் பெயரிலேயே உள்ளே போயிருந்தது.

"அது கேக்கலப்பா. யாரோ கேக்குறதைத்தானே கொண்டு போய்க் குடுக்குது."

"யார் கேக்குறான்னு கூடவே சொல்லி அனுப்பினாத்தானே உள்ள இருக்கிறதுக்குத் தெரியும்? இல்லேன்னா எல்லாப் பழியும் கொண்டு வர்றவன் தலையிலதான்."

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கோரிக்கையோடும் முதலில் கேட்டவரின் முகவரியைச் சேர்த்து அனுப்பு என்று ஒரு வரி எழுதினாள். முன்னால் நிற்கும் சர்வர் சொல்லும் முகவரியை நம்பு என்று அவனும் தன் பக்கம் திருத்தினான். சர்வர் புது வரியை ஏற்றுக்கொண்டதும் பதிவில் விதவிதமான முகவரிகள் ஓட ஆரம்பித்தன; டிக்கெட்டும் போனது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "முன்னாடியே பாத்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பாவில் மிச்சம் காய்ந்து போயிருந்தது. அவளுக்கு அழவேண்டும் போல இருந்தது, அதற்கும் தெம்பில்லை.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்டார். "என்ன சொன்னான்?"

"எடுக்கலப்பா."

"மறுபடி போடு. நான் கேட்டேன்னு மட்டும்..."

"இல்லப்பா. இனிமே உங்க பேர் இல்லாம ஒண்ணும் போகாது. வேணும்னா சொல்லுங்க, உங்க பேர்லயே அனுப்புறேன். இல்லேன்னா விட்டுடுங்க."

அவர் முகம் சிவந்தது. டிவி ரிமோட்டை எடுத்தார், வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்னமோ பண்ணு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

நின்றபடியே தட்டினாள். *அப்பா உன்னைப் பாக்கணும்கிறார். நான் இல்ல, அவர்தான் கேக்கிறார். சொல்லாதேன்னும் சொன்னார்.*

பையைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது.

"நெஜமாவா? அவரா கேட்டாரு?"

"அவர்தான்."

"பாப்பா போட்டோ கேட்டியே?"

"அவர்தான்டா. இத்தனை வருஷமா கேட்டது எல்லாமே அவர்தான்."

"நாளைக்கே கிளம்புறேன்" என்றான். போனை அப்பாவிடம் நீட்டப்போனாள்.

"இரு அக்கா. உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன். உனக்கு என்ன வேணும், சொல்லு."

அவள் தன் பேரில் ஏதாவது கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று நினைத்துப் பார்த்தாள். அப்பா போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீ வந்து அவரைப் பாத்துக்கடா" என்றாள். "நான் கொஞ்சம் தூங்கணும்."